யோகமலரின் உண்ணிகள்

அன்றைக்குக் காலமை கனகரத்தினம் மூச்சு விட முதலே உண்ணிகள் எல்லாம் எழும்பி நின்றன.

உண்ணி வளர்க்கிற ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விடிந்ததும் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்து, அதன் வாயைக் கட்டியிருக்கிற மல் துணிக்கு மேலே 'ஹா' என்று ஒருதரம் மூச்சை விடுவார்கள். கல்லுப்போலக் கிடக்கிற உண்ணிக்கு அந்தச் சூடும் மணமும் பட்டால் போதும்; முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி, தூக்கச் சொல்லிக் கேட்கிற குழந்தை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதுக்கு மூக்கே முன்னங்காலில்தான். நீட்டினது உயிரோடு இருக்கிறது, நீட்டாதது செத்துப்போனது, எடுத்து எறியலாம். கனகரத்தினத்துக்குப் பல்லுத் தீட்ட முதல் இதுதான் வேலை. ஒரு வருசமாகத் தன் மூச்சைக் குடுத்துக் குடுத்துத்தான் அதுகளை எழுப்பிக்கொண்டு வருகிறார்.

அன்றைக்கு அவர் குழாயைத் தொடவேயில்லை. அறைக் கதவைத் திறந்து லைற்றைப் போட்ட கையோடு கண்டுவிட்டார். மேசை நிறைய அடுக்கியிருந்த குழாய் எல்லாவற்றிலும், ஒன்று விடாமல், கையை நீட்டிக்கொண்டு நின்றன. அவரைப் பார்த்து நீட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யன்னலுக்கு வெளியே, கேற்றைப் பார்த்து நின்றன.

யன்னலால் எட்டிப் பார்த்தார். கேற்றடியில் ஒருவரும் இல்லை. உவர்மலையின் அந்தப் பழைய வீட்டில் இருந்து பார்த்தால் கீழே உட்துறைமுகம் தட்டுத் தட்டாகத் தெரியும். ஒரு கப்பல் நின்ற இடத்தில் நின்று துருப்பிடித்துக் கறள் வடித்துக்கொண்டிருந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் சிலவேளை வேப்பமர நிழலுக்கு வந்து மதிலோடு படுக்கும், மானின் மூச்சாக இருக்கும் என்று நினைத்தார். வேம்புக்குக் கீழே சருகைத் தவிர ஒன்றும் கிடக்கவில்லை. சரி, கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, காற்றுக்கு என்ன மணம் வருகுதோ ஆருக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மனுசன் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனார்.

சும்மா சொல்லக்கூடாது, கனகரத்தினம் கெட்டிக்காரன். மாட்டு வைத்தியராக வந்து, உண்ணிக் காய்ச்சலில் ஆராய்ச்சி தொடங்கி, சல்லியில் இருந்து சீனக்குடா வரைக்கும் சனம் 'உண்ணி டொக்டர்' என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்தவர். வெள்ளைத் துணியொன்றைக் கயிற்றில் கட்டிப் பற்றைக்காடு முழுக்க இழுத்துக்கொண்டு போவார். துணியில் ஒட்டுகிற உண்ணியைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அவரோடு படித்தவர்கள், அவருக்குப் பிறகு படித்தவர்கள், எல்லாரும் வெளிநாடு போய்ப் பெரிய பெரிய ஆட்களாகிவிட்டார்கள். இவர் மட்டும் சண்டைக்காலம் முழுக்க இங்கேயே கிடந்து மாட்டுக்கு ஊசி போட்டார். அந்த எரிச்சல் அவருக்கு நெஞ்சுக்குள்ளே ஒருநாளும் ஆறினதில்லை.

இப்போதுதான் காலம் திரும்பியிருந்தது. உண்ணி கடிக்கும்போது நோகாது. அதன் எச்சில் அந்த இடத்தை மரக்கப்பண்ணிவிடும். உடம்புக்கு அந்த எச்சிலை அடையாளம் காட்டிக் குடுத்துவிட்டால் கடித்த உடனே அந்த இடம் சிவந்து அரிப்பெடுக்கும், கிருமி உள்ளே இறங்க முதல் உண்ணியைப் பிடுங்கி எறியலாம். அப்படியொரு தடுப்பூசியைத்தான் இப்போது உலகத்தில் பல பேர் தேடுகிறார்கள். அதைச் சோதிக்க ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக, எல்லாவற்றுக்குள்ளும் ஒரே கிருமி இருக்கிற உண்ணிகள் வேணும். அப்படிப்பட்ட வம்சம் கனகரத்தினத்திடம் இருந்தது. திங்கட்கிழமை வெளிநாட்டுக் குழுவொன்று வந்து அதைக் கொண்டுபோகப் போகிறது, கூடவே அவர் பெயரையும்.

இப்படி வளர்க்கிற வம்சத்துக்கு, தாய் உண்ணிக்கு முதல் இரத்தம் குடுத்தவரின் பெயரை வைப்பது அவருடைய வழக்கம். மாடென்றால் மாட்டின் பெயர், நாயென்றால் நாயின் பெயர். மேசை விளிம்பில் ஒட்டியிருந்த துண்டில் அவர் கையெழுத்தில் 'யோகமலர்' என்று இருந்தது.

"ஆர் சேர் யோகமலர்?" என்று உதவிக்கு வந்த லோஜினி சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறாள்.

"ஒரு பசு," என்றார் கனகரத்தினம்.

அடுத்த நாள் உண்ணிகள் கேற்றைப் பார்க்கவில்லை. விறாந்தையைப் பார்த்தன. விறாந்தையில் வந்தவர்கள் இருக்கவென்று ஒரு பிரம்புக் கதிரை கிடந்தது, அதை.

முதலில் கண்டது லோஜினிதான். பட்டப்படிப்பு முடித்து வந்த பிள்ளை, பாலையூற்றில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், பயந்த சுபாவம் இல்லை. "சேர், இஞ்ச பாருங்கோவன், இதெல்லாம் ஏன் ஒரே பக்கம் பாக்குது?" என்று சிரித்துக்கொண்டு ஒரு குழாயை எடுத்தாள். குழாயைத் திருப்பினாள். உள்ளே இருந்ததுகள் கண்ணாடியில் ஊர்ந்து மற்றப் பக்கம் வந்து, திரும்பவும் விறாந்தையைப் பார்த்தே கையை நீட்டின. அவள் அதைப் பிடித்துக்கொண்டு விளையாட்டாக விறாந்தைக்கு நடந்தாள். கதிரைக்கு இந்தப் பக்கம் நின்றபோது அந்தப் பக்கம் நீட்டின. கதிரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இந்தப் பக்கம் நீட்டின. அவளுடைய மூச்சு குழாயில் முட்டிக்கொண்டு இருந்தது, அதை ஒரு உண்ணியும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கதிரையைத்தான் பார்த்தன.

லோஜினியின் சிரிப்பு நின்றது. மூக்கைச் சுருக்கினாள். "சேர், உங்களுக்கு ஆட்டு மணம் வருகுதே?"

"கூட்டில உண்ணிக்கு இரத்தம் குடுக்கிற முயல் கிடக்கு. முயல் மணக்காமல்?"

"முயல் இல்லை சேர். ஆடு. ஆட்டுப்பால் கறக்கிற கை மணக்குமே, அது."

கனகரத்தினத்துக்கும் மணத்தது. அவர் இல்லை என்று தலையாட்டினார். லோஜினி குழாயைக் கொண்டுவந்து மெதுவாக மேசையில் வைத்தாள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிறபோது விறாந்தையால் போகாமல் குசினிப் பக்கத்தால் சுற்றிப் போனாள்.

அடுத்த நாள் மத்தியானம் குஞ்சித்தம்பி வந்தான். உச்சிப் பொழுது, கச்சான் காற்று துறைமுகத்தின் மேலால் அடுப்பு வாய்போல ஊதிக்கொண்டிருந்தது, ஊரே யன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டது. லோஜினி சாப்பிடப் போயிருந்தாள். அந்த நேரத்தில் சல்லியில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாழையிலைப் பொதியோடு அந்த மனுசன் வந்து நின்றான். கரைவலை இழுத்துக் காய்த்த கை. யோகமலரின் புருசன்.

"ஐயா, அவ போய் ஒரு வருசம், ஆட்டைத் திவசம் முடிஞ்சுது," என்றான். "வீட்டுக்கு வாங்கோ எண்டு சொல்லி அனுப்பினனான், நீங்கள் வேலையா இருந்திருப்பியள். அதுதான் அவவுக்குப் படைச்ச சோத்தில கொஞ்சம் கொண்டு வந்தனான். அவவுக்காக எவ்வளவு பாடுபட்டனீங்கள்."

"இருங்கோ," என்று சொல்ல வாயெடுத்தார் கனகரத்தினம். குஞ்சித்தம்பி துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரம்புக் கதிரைக்குக் கிட்டப் போனான்.

"ஐயோ, அதில இருக்காதேங்கோ!"

அவருடைய சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. குஞ்சித்தம்பி திடுக்கிட்டு விலகி நின்றான். கதிரையைப் பார்த்தான், பிறகு டொக்டரைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. பெரிய மனுசருக்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பான், பாவம். தூணோடு சாய்ந்து நின்றே கதைத்தான்.

"ஒரு மனக்குறை ஐயா. ஆரிட்டச் சொல்லுறது எண்டு தெரியேல்ல. நேற்றுப் படைச்சு, முத்துமாரி கோயில் ஐயரும் வந்து எல்லாம் செய்து, காகத்துக்குச் சோறு வச்சம். காகம் வரேல்ல."

"வெயிலுக்கு வந்திருக்காது."

"இல்லை ஐயா. மரம் முழுக்கக் காகம். மீன் காயப் போட்டிருக்கிற இடம், காகத்துக்கு என்ன பஞ்சம்? ஒண்டும் கிட்ட வந்து தொடேல்ல. எங்கட ஜதுசா 'அம்மா, வாங்கோ, வாங்கோ' எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப் போனாள். அவ வரேல்ல ஐயா." அவன் கண்ணைத் துடைத்தான். "பிள்ளை கூப்பிட்டும் வராமல், அவ எங்க போய் இருக்கிறாவோ தெரியேல்ல."

கனகரத்தினம் கதிரையைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடுபட்டார். பொதியை வாங்கினார். குஞ்சித்தம்பி கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான், ஏற்றம் இறங்கி வளைவில் மறையும்வரைக்கும் ஒருதரம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கேளுங்கோ, அந்த அநியாயத்தை.

போன வருசக் கச்சானுக்கு யோகமலர் அந்தக் கதிரையில்தான் வந்து இருந்தாள். சல்லிக்குப் பின்னால் பற்றைக்குள்ளே ஆடு மேய்க்கிறவள். தலையை ஒருபக்கம் சரித்துக்கொண்டு, "காதுக்குள்ள ஆரோ மூச்சு விடுறமாதிரிக் கிடக்கு ஐயா," என்றாள். அவர் ரோர்ச் அடித்துப் பார்த்தார். காதின் வாசலில் ஒரு பெண் உண்ணி, அந்தப் பகுதியில் அவர் தேடித் தேடிக் கிடைக்காத சாதி, அப்போதுதான் வாயைப் பதித்திருந்தது. இந்தப் பக்கத்துச் சனம் காதுக்குள் உண்ணி போனால் என்ன செய்யும்? தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விடும். செத்து வெளியே வரும், அவ்வளவுதான்.

"எண்ணெய் விடாதேங்கோ பிள்ளை, காது செவிடாப் போயிடும்," என்று பொய் சொன்னார் கனகரத்தினம். அவருக்கு அது உயிரோடு வேணும், வயிறு நிறைய வேணும். நிறைந்தால்தான் முட்டை இடும். "இது பழம் மாதிரி. பழுத்தாத் தன்ர பாட்டில கழண்டு விழும். பொறுங்கோ."

அவள் பொறுத்தாள். டொக்டர் சொன்னால் சரிதானே. நாள்தோறும் வந்து அந்தக் கதிரையில் இருந்து காதைக் காட்டினாள். காய்ச்சல் வந்தது. "பொறுங்கோ." தலையிடி வந்தது. "இன்னும் பழுக்கேல்ல, பொறுங்கோ." உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வந்தது. அது என்ன காய்ச்சல் என்று பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. அதுக்கு மருந்தும் அவருடைய மேசை லாச்சிக்குள்ளே கிடந்தது, டொக்சி குளிசை, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற சாமான். குடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் குளிசை அவளுடைய இரத்தத்தில் கலந்தால் உண்ணிக்குள்ளே இருக்கிற கிருமியும் செத்துப்போகும் என்று அவர் பயந்தார். அவருக்குக் கிருமி வேணும். அதனால் லாச்சியைத் திறக்கவில்லை. உண்ணி பழுத்து, ஆமணக்கங் கொட்டை அளவில் அவருடைய உள்ளங்கையில் விழுந்த அன்றைக்கு அவள் எழும்ப ஏலாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் என்ன கடித்தது என்று கேட்டபோது, கூட வந்த உண்ணி டொக்டர், "தெரியாது, டெங்கு போல கிடக்கு," என்றார்.

செத்தவீட்டுக்கும் போனார். முன்வரிசையில் கதிரை போட்டுக் குடுத்தார்கள். இப்படியும் ஒரு மனுசன்!

அந்த உண்ணி இட்ட முட்டைகளின் வம்சம்தான் மேசையில் நிற்கிறது. அவளுடைய இரத்தத்தில் பிறந்ததுகள். அதுகளுக்குத் தெரியாதா தங்களுடைய ஆள் ஆரென்று?

பொதியைக் குசினி மேசையில் அப்படியே வைத்துவிட்டு அவர் அறைக்குப் போனார். உண்ணிகள் இப்போது விறாந்தையைப் பார்க்கவில்லை. யன்னல் பக்கமும் இல்லை. அறைக்குள்ளே, வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவர் சற்று முன்னம் அந்த வாசலால்தான் உள்ளே வந்தவர்.

பின்னேரம் காது கடித்தது, ஒரே அரிப்பு. இடப்பக்கக் காது. உள்ளே காய்ந்த சருகில் ஏதோ நடக்கிற மாதிரி ஒரு சத்தம், நிற்கும், பிறகு நடக்கும். கனகரத்தினம் நேரே டொக்டர் சனூஸாவின் கிளினிக்குக்கு ஓடினார். காது, மூக்கு பார்க்கிற பிள்ளை, கிண்ணியாக்காரி, இவரில் நல்ல மரியாதை. லைற்றைப் பிடித்து, இழுத்துப் பார்த்து, திரும்பவும் பார்த்தாள்.

"ஒண்டும் இல்லை சேர். காது சுத்தமா இருக்கு."

"வடிவாப் பாருங்கோ பிள்ளை. உண்ணி."

"உண்ணி இருந்தா எனக்குத் தெரியாதா சேர்? இந்தச் சீசனுக்கு நாளாந்தம் எடுக்கிறன்." சனூஸா சிரித்தாள். "நீங்க நாள் முழுக்க உண்ணியோட இருந்து இருந்து உங்களுக்கு அந்த நினைப்பு. கச்சான் காத்துக்குக் காது காஞ்சு போறது. தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கோ."

கனகரத்தினம் கதிரையில் இருந்து எழும்ப மறந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய். அந்தச் சொல்லைக் கேட்டதும் காதுக்குள்ளே நடை நின்றுவிட்டது. ஏதோ உள்ளே இருந்து காது குடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை காலமை லோஜினி அறை வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. உண்ணிகள் அறைக்கு நடுவே, கனகரத்தினம் வழமையாக நின்று வேலை செய்கிற இடத்துக்குச் சரி பின்னால், ஒரு ஆள் நிற்கிற தூரத்தைப் பார்த்து நின்றன. அவர் இரண்டடி தள்ளி நின்றார். அதுகளும் இரண்டடி திரும்பின.

"சேர், சொல்லுறனெண்டு கோவிக்காதேங்கோ. எல்லாத்தையும் ஸ்பிரிட்டுக்க போடுவம்."

"விசரே உமக்கு? ஒரு வருசப் பாடு!"

"உங்களுக்குப் பின்னால ஆரோ நிக்கினம் சேர்." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியேல்ல. அதுகளுக்குத் தெரியுது."

"திங்கள் மட்டும் பொறும் பிள்ளை. திங்கள் கொண்டு போயிடுவினம். பொறும்."

"ஏலாது சேர். எனக்கு ஏலாது. நீங்களும் இதுக்குள்ள இருக்காதேங்கோ, வாங்கோ போவம்." அவர் அசையவில்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஸ்கூட்டியின் சத்தம் ஏற்றத்தில் இறங்கித் தேய்ந்துபோனது.

போகவிடு, பயந்தாங்கொள்ளி. மனுசன் அறைக் கதவைச் சாத்தினார். மேசைக் கால்கள் நின்ற எண்ணெய்த் தகரங்களைப் பார்த்தார், எறும்புக்கும் உண்ணிக்கும் வைத்த காவல், எண்ணெய் குறையவில்லை. குழாய்த் துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், ஒன்றும் அவிழவில்லை. ஒன்றும் வெளியே வரவில்லை. வெளியே வராதது எப்படித் தன் காதுக்குள்ளே நடக்கும்?

மத்தியானம் காய்ச்சல் தொடங்கினது.

முதலில் முழங்காலில் ஒரு குளிர். வெளியே கச்சான் வீசுகிறது, யன்னல் சட்டம் வெயிலில் வெடிக்கிற சத்தம் கேட்கிறது, இவருக்குப் பல்லு அடிக்கிறது. முயல்கள் கூட்டின் மூலைக்குள்ளே ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பதுங்கிக்கொண்டு கிடந்தன. ஸ்பிரிட்டின் மணம், வைக்கோலின் மணம், குசினியில் இருந்து புளித்த படையல் சோற்றின் மணம், எல்லாவற்றுக்கும் மேலாலே ஆட்டு மணம். இப்போது அது வாசலில் இருந்து வரவில்லை. அவருடைய சேட்டில் இருந்தே வந்தது.

ஸ்பிரிட் போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்தார். ஒரு வாளி, ஒரு நிமிச வேலை, எல்லாக் குழாயையும் கவிழ்த்தால் வம்சம் முடிந்தது. போத்தல் கையில் இருந்தது. திங்கட்கிழமை வருகிறவர்களின் முகம் கண்ணுக்குள்ளே வந்தது. தன்னோடு படித்தவர்கள் பேப்பரில் தன் படத்தைப் பார்க்கிறது வந்தது. எவ்வளவு காலம் காத்திருந்தவர்! நாளை ஒருநாள். ஒரேயொரு நாள்.

மூடியைத் திரும்பப் பூட்டினார்.

"திங்கள் மட்டும் பொறு," என்றார் சத்தமாக. ஆருக்குச் சொன்னாரோ.

"ஓம் ஐயா," என்றது இடப்பக்கக் காது. "பொறுக்கிறன்."

போத்தல் விழுந்தது.

ஓடவில்லை. கால் வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவளுடைய குரல், அதே அடக்கம், அதே மரியாதை, அந்தக் கதிரையில் தலையைச் சரித்துக்கொண்டு இருந்து சொல்கிற அதே குரல். குசினிக்குத் தவழ்ந்து போனார். தேங்காய் எண்ணெய்ப் போத்தல். மூடியைக் கழற்றிக் காதுக்குள்ளே கவிழ்த்தார். கழுத்து, சேட்டு, தரை முழுக்க எண்ணெய். ஒன்றும் சாகவில்லை. ஒன்றும் வெளியே வரவில்லை. எண்ணெய்க்குள்ளாலும் அது நடந்தது. சருகில். மெதுவாக.

குளிசை.

லாச்சி அறைக்குள்ளே. திரும்பத் தவழ்ந்தார். லாச்சியை இழுத்தார். டொக்சி அட்டை அங்கேதான் கிடந்தது, போன வருசம் அவர் திறக்காமல் வைத்த அதே அட்டை. எடுத்து, மேசையடிக் கதிரையில் ஏறி இருந்து, ஒரு குளிசையை அமத்தி வெளியே எடுத்தார். அப்போதுதான் உள்ளங்கையைக் கண்டார்.

சிவப்புப் புள்ளி. ஒன்று. பிறகு ஒரு கை நிறைய.

மேசையை நிமிர்ந்து பார்த்தார். குழாய்கள். வலப்பக்கம் இருந்ததுகள் அவரைப் பார்த்து நின்றன. இடப்பக்கம் இருந்ததுகளும் அவரைப் பார்த்து நின்றன. கண்ணாடியில் நெஞ்சை ஒட்டி, கையை நீட்டி, தூக்கச் சொல்லி.

என்ர மூச்சுக்குத்தான், என்று நினைத்தார். நான் மூச்சு விடுறன், அதுதான் பாக்குதுகள். வேற ஒண்டும் இல்லை.

மூச்சைப் பிடித்தார். வாயைப் பொத்தினார். மூக்கைப் பொத்தினார். இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்திக்கொண்டு இருந்தார். நெஞ்சு முட்டினது. கண் இருண்டது. உண்ணிகள் கையை இறக்கவில்லை. மெல்ல, எல்லாம் சேர்ந்து, கொஞ்சம் திரும்பின. அவருடைய வாயை விட்டு. மூக்கை விட்டு. இடப்பக்கக் காதுக்கு.

அவர் மூச்சு விடவில்லை.

காதுக்குள்ளே மூச்சு போய்க்கொண்டிருந்தது. உள்ளே. வெளியே. சூடாக. ஆறுதலாக, அவசரம் இல்லாத ஒரு ஆளின் மூச்சு.

கை தளர்ந்தது. குளிசை விரலில் இருந்து நழுவி, மேசைக்குக் கீழே உருண்டு, எண்ணெய்த் தகரத்துக்குள்ளே விழுந்தது. அட்டை மடியில் கிடந்தது. அதை எடுக்கக் கையைத் தூக்கப் பார்த்தார். தூக்க ஏலவில்லை. வெளியே வேம்பின் மேல் ஒரு காகம் வந்து இருந்து, குசினி யன்னலைப் பார்த்துக் கரைந்தது. இறங்கி உள்ளே வந்து, பொதியைக் கொத்திப் பிரித்துச் சோற்றைத் தின்கிற சத்தம் அவருக்கு வடிவாகக் கேட்டது.

அட்டையை எடுக்க வேணும். ஒரு குளிசை. ஒன்று போதும்.

"பொறுங்கோ ஐயா," என்றாள் யோகமலர், காதுக்குள்ளே இருந்து, வலு அன்பாக. "இன்னும் பழுக்கேல்ல."